தூக்குக் கயிறும் ஒரு கையொப்பமும்

புத்தளம் மாவட்டத்தின் கரையோரம் சிலாபம், உடப்பு முதலிய ஊர்களையும் வடக்கே கற்பிட்டிக் குடாநாட்டையும் அதற்கப்பாலுள்ள சிறு தீவுகளையும் தழுவி நீண்டு கிடக்கின்றது. குடாநாட்டின் ஒருபுறம் திறந்த கடல். மறுபுறம் புத்தளம் களப்பு. இடையே மணல் திடல்கள், தென்னந்தோப்புகள், மீனவர் வாடிகள். தமிழ் பேசுவோரும் சிங்களம் பேசுவோரும், இந்துக்களும் முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் பௌத்தரும் ஒரே கடலை நம்பி வாழும் கரை இது. பருவக்காற்றுத் திரும்பும்போது நீர்கொழும்பு, சிலாபம் முதலிய இடங்களிலிருந்து குடும்பங்கள் பெயர்ந்து வந்து இங்கே வாடி அமைப்பதும் பழைய வழக்கம்.

இதே கடல் வழியாகச் சட்டம் தடுத்த சரக்குகளும் வந்து இறங்குகின்றன. பீடி இலை, மஞ்சள், கேரளக் கஞ்சா, ஹெரோயின் என்பன கற்பிட்டிக் கரையை அண்டிக் கைப்பற்றப்பட்டதாகக் கடற்படை அறிவிக்கும் செய்திகள் நேயர்களுக்குப் புதியன அல்ல. சாக்கில் கட்டிய பொதி எதுவாயினும் படகுக்கு அது ஒரு பாரமே. ஆயினும் சட்டத்தின் கண்ணுக்கு ஒரு பொதிக்கும் மற்றொரு பொதிக்கும் இடையே உயிரளவு வேறுபாடு உண்டு. பீடி இலையோடு பிடிபட்டவன் சுங்கச் சட்டப்படி தண்டம் செலுத்தி வீடு திரும்பக்கூடும். 1984ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட போதைப்பொருட் சட்டத்தின்படியோ, இரண்டு கிராம் அல்லது அதற்கு மேற்பட்ட தூய ஹெரோயினை உடைமையில் வைத்திருத்தலே மரண தண்டனைக்கோ ஆயுட்காலச் சிறைக்கோ உரிய குற்றமாகும். இரண்டு கிராம் என்பது ஒரு சிறு கரண்டியில் அடங்கிவிடும் அளவு. 2022ஆம் ஆண்டில் வந்த மற்றொரு திருத்தம் 'ஐஸ்' எனப்படும் போதைப்பொருளுக்கும் இத்தகைய தண்டனையை விதித்தது. அதன் எல்லை ஐந்து கிராம்.

ஆகவே, மரண தண்டனையை மீண்டும் கொண்டுவரலாமா என்னும் வினா கொழும்பு மண்டபங்களில் சட்டம் படித்தோர் மட்டும் பேசி முடிக்கத்தக்கதன்று. அது கரையோர மக்களின் வாசலிலும் நிற்கும் வினா. அதற்கு விடை காண்பதற்கு முன், வினாவையே சற்றுத் தெளிவாக்கிக் கொள்ளுதல் நன்று.

இலங்கையில் மரண தண்டனை ஒழிக்கப்படவில்லை. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் கொலைக்கு விதிக்கப்பட்ட தண்டனை இன்றும் மரணமே. மேல் நீதிமன்ற நீதிபதிகள் அத்தண்டனையை இன்றும் விதித்து வருகின்றனர். குற்றம் புரிந்த காலத்தில் 18 வயதை எட்டாதோருக்கும் கருவுற்ற பெண்களுக்கும் மட்டுமே சட்டம் விலக்களிக்கின்றது. நின்றுபோனது தண்டனை அன்று. அதன் நிறைவேற்றமே நின்றுபோயிற்று. கடைசியாக ஒரு மனிதன் தூக்கிலிடப்பட்டது 1976ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள். அதன் பின் மரண தண்டனை பெற்றோர் சிறைகளில் பெருகினர்; 2019ஆம் ஆண்டளவில் அவர்தொகை ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. 'மீண்டும் கொண்டுவருதல்' என்றால் புதிய சட்டம் இயற்றுதல் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அதற்குப் பாராளுமன்றம் கூடவேண்டியதில்லை. ஒரு கையொப்பம் போதும். யார் தீர்மானிப்பது என்ற வினாவின் முழு எடையும் இங்கேதான் தங்கியிருக்கின்றது.

அக்கையொப்பம் எவ்வாறு இடப்படுகின்றது? 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, 34ஆம் உறுப்புரையில் அதற்கொரு வழியை வகுத்துள்ளது. மரண தண்டனை விதிக்கப்பட்டவிடத்து, வழக்கை விசாரித்த நீதிபதியிடமிருந்து ஜனாதிபதி அறிக்கை பெறவேண்டும். அவ்வறிக்கை சட்டமா அதிபரிடம் செல்லும்; அவர் தம் ஆலோசனையைச் சேர்ப்பார். பின் அது நீதியமைச்சரிடம் செல்லும்; அவர் தம் விதப்புரையோடு ஜனாதிபதிக்கு அனுப்புவார். மூவர் பார்வையைக் கடந்த பின்னரே அத்தாள் நாட்டின் தலைவரின் மேசைக்கு வருகின்றது. அவர் தண்டனையைக் குறைக்கலாம், மன்னிக்கலாம், தண்டனை நிறைவேற நாளும் இடமும் குறிக்கலாம், ஒன்றுஞ் செய்யாது வைத்துவிடவும் செய்யலாம். 1978 முதல் பதவி வகித்த ஜனாதிபதிகள் காலத்தில் ஒருவரும் தூக்கிலிடப்படவில்லை. ஆகவே இந்நாட்டில் இன்றுள்ள உயிர்க்காப்பு சட்டத்தினால் உறுதிசெய்யப்பட்ட காப்பன்று. ஒருவரின் கை எழுதாதிருப்பதனால் நிலைபெறும் காப்பு அது.

எப்போதும் இவ்வாறு இருந்ததில்லை. ஒருகாலத்தில் இப்பிரச்சினை முறையாகச் சபையிலே வாதிக்கப்பட்டது. 1928ஆம் ஆண்டிலேயே சட்டநிரூபண சபையில் டி. எஸ். சேனநாயக்க மரண தண்டனையை ஒழிக்கவேண்டும் என்று பிரேரணை கொண்டுவந்தார். சபை அதனை ஏற்றது. ஆனால் சட்டம் மாறவில்லை. 1956இல் ஆட்சிக்கு வந்த எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவின் அரசாங்கம் தூக்குத் தண்டனையை நிறுத்திவைத்தது. 1958ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதனைச் சோதனையாக மூன்றாண்டுகளுக்கு இடைநிறுத்தியது. பிரித்தானியப் பாராளுமன்றம் இதே முறையில், கொலைக்கான மரண தண்டனையை ஐந்தாண்டுகளுக்கு இடைநிறுத்தியது 1965இல்தான் என்பதை நோக்கின், இச்சிறு தீவு அன்று எடுத்து வைத்த அடியின் பெருமை விளங்கும்.

சட்டம் இயற்றியதோடு அரசாங்கம் அமைந்துவிடவில்லை. சோதனையின் பயனை ஆராய ஓர் ஆணைக்குழுவையும் அமைத்தது. அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த குற்றவியற் பேராசிரியர் நோர்வல் மொறிஸ் அதன் தலைவர். தூக்கு நிறுத்தப்பட்டமையால் கொலைகள் பெருகின என்பதற்குச் சான்று இல்லை என்று ஆணைக்குழு கண்டது. சோதனையைத் தொடருமாறு விதந்துரைத்தது. ஆராய்ந்து, எண்ணி, பொதுமக்கள் அறிய ஒரு முடிவுக்கு வரும் முறைக்கு இவ்வறிக்கை நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

விதி வேறாக இருந்தது. 1959ஆம் ஆண்டு செப்டெம்பர் 25ஆம் நாள் பிரதமர் பண்டாரநாயக்க தம் இல்லத்திலேயே சுடப்பட்டார், மறுநாள் உயிர்நீத்தார். நாடு கொதித்தது. அடுத்துப் பிரதமரான டபிள்யூ. தகநாயக்காவின் அரசாங்கம் அவ்வாண்டு முடியுமுன்பே 25ஆம் இலக்கச் சட்டத்தினால் தூக்குத் தண்டனையைத் திரும்பக் கொண்டுவந்தது. ஆணைக்குழுவின் அறிக்கை அந்தக் கொதிப்பில் மறைந்துபோயிற்று. சட்டம் வருமுன் நடந்த கொலைக்கும் அது பொருந்துமாறு எழுதப்பட்டது. ஆனால் அவசரத்தில் எழுதியோர் கொலை செய்தலைக் குறித்தார்களேயன்றிக் கொலைக்குச் சதி செய்தலைக் குறிக்கவில்லை. இதன் விளைவு யாது? சுட்டவனான தல்துவே சோமராம 1962ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் தூக்கிலேறினான். சதி செய்த குற்றத்திற்காக விசாரணை மன்றம் மரண தண்டனை விதித்த இருவரின் தண்டனையையோ, குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஆயுட்காலச் சிறையாக மாற்றவேண்டியதாயிற்று. ஏவப்பட்டவன் மாண்டான், ஏவியவராகக் காணப்பட்டோர் வாழ்ந்தனர். தூக்கை நிறுத்திய தலைவரின் பெயராலேயே தூக்குத் திரும்பியது. திரும்பியதும் நேரிய அளவுகோலோடு திரும்பவில்லை. சினத்தின் வேளையில் சட்டம் செய்வோர் தாம் நாடிய நீதியையே தவறவிடக்கூடும் என்பதற்கு இந்நாட்டு வரலாறு தரும் பாடம் இது.

இப்பாடத்தைக் கூறுதல், தூக்கை வேண்டுவோரின் துயரைச் சிறிதாக்குதல் அன்று. 2015ஆம் ஆண்டு மே மாதத்தில் புங்குடுதீவில் பாடசாலை மாணவி ஒருத்தி கொடுமைக்குள்ளாகிக் கொலையுண்டபோது வடக்கு முழுவதும் கடைகள் அடைபட்டன. 2017இல் யாழ்ப்பாணத்தில் மூன்று நீதிபதிகள் கொண்ட விசேட மன்று எழுவருக்கு மரண தண்டனை விதித்தபோது, நீதி கிடைத்தது என்று பலரும் உரைத்தனர். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் உயிருக்கு உயிர் கேட்பாளாயின் அவளோடு வாதாட எவருக்கும் தகுதி இல்லை. கொடுமைக்கு ஏற்ற தண்டனை வேண்டும், குற்றவாளி மீண்டும் தெருவில் நடத்தல் ஆகாது, சட்டத்திற்கு அச்சம் வேண்டும் என்னும் வாதங்கள் மூன்றும் பொருளுள்ளவையே.

ஆனால் அதே 2015ஆம் ஆண்டின் செப்டெம்பர் மாதத்தில் நடந்த மற்றொன்றையும் அருகில் வைத்து நோக்கவேண்டும். நீர்கொழும்புக்கு அப்பால், கொட்டதெனியாவ என்னும் ஊரில் ஐந்து வயதுக் குழந்தை ஒன்று கடத்திக் கொல்லப்பட்டது. நாடெங்கும் தூக்குக் கயிற்றுக்கான குரல் எழுந்தது. பாராளுமன்றம் இணங்கினால் தண்டனையை நிறைவேற்றுவது பற்றி ஆலோசிக்கலாம் என்று அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவும் கூறினார். அக்கிளர்ச்சியின் நடுவே பொலிசார் பாடசாலை மாணவன் ஒருவனையும் வேறோர் ஆடவரையும் பிடித்தனர். மரபணுச் சோதனை அவ்விருவரையும் குற்றத்தினின்றும் விலக்கியது. தம்மைத் தாக்கி வருத்தியதாக அவர்கள் பின்னர் முறையிட்டனர். வேறொருவர் மீதே வழக்கு நிலைத்தது. 2016இல் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. மரபணுச் சோதனை இல்லாத காலமாயின் முன்னைய இருவரின் கதி யாதாகியிருக்கும்? சிறையில் தவறாக அடைத்தவனை விடுவிக்கலாம். இழந்த ஆண்டுகளுக்கு ஏதோ ஈடு கொடுக்கலாம். தூக்கிலிட்டவனுக்கு ஈடு இல்லை.

அச்சம் என்னும் வாதத்தைப் பற்றியும் ஒரு சொல். தண்டனையின் கடுமையை விட, அகப்படுவது உறுதி என்ற எண்ணமே குற்றத்தைத் தடுக்க வல்லது என்பது குற்றவியல் ஆராய்ச்சியாளர் பலரும் ஒப்பிய முடிவு. தூக்குத் தண்டனையினால் குற்றம் தனிப்படக் குறைகின்றது என்பதற்கு நம்பத்தக்க சான்று கிடைக்கவில்லை. கரையோரத்தில் இது கண்கூடு. நள்ளிரவில் படகு செலுத்துவோன் கயிற்றை எண்ணுவதினும், கடற்படையின் ரோந்துப் படகு எத்திசையில் நிற்கின்றது என்பதையே எண்ணுகின்றான்.

இனி, தூக்கை மீட்க அண்மைக் காலத்தில் நடந்த முயற்சிகளை நோக்குவோம். 2004ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள் மேல் நீதிமன்ற நீதிபதி சரத் அம்பேப்பிட்டிய கொழும்பிலுள்ள தம் இல்லத்தருகே சுட்டுக் கொல்லப்பட்டார். உடனே ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க, கொலை, வன்புணர்ச்சி, போதைப்பொருள் வாணிகம் ஆகிய குற்றங்களுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்படும் என்று அறிவித்தார், எவரும் தூக்கிலிடப்படவில்லை. 2018இல் ஜனாதிபதி சிறிசேன போதைப்பொருட் குற்றவாளிகளுக்குத் தூக்கு என்ற கொள்கையை எடுத்தார், அமைச்சரவை இசைந்தது. 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிலிப்பைன்ஸ் நாட்டிற்குச் சென்று அங்குள்ள போதை ஒழிப்பு முறையைப் பாராட்டினார். அந்நாடோ தன் சட்டத்திலிருந்து மரண தண்டனையை 2006இலேயே நீக்கியிருந்தது. அவ்வாண்டு ஜூன் 26ஆம் நாள், நால்வரின் தூக்குக் கட்டளையில் தாம் கையொப்பமிட்டுவிட்டதாக ஜனாதிபதி அறிவித்தார். அந்நால்வர் யாவர் என்பது நாட்டுக்குச் சொல்லப்படவில்லை.

கட்டளை இருந்தது, கயிறு இழுக்க ஆள் இருக்கவில்லை. போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற 'அலுகோசு' என்னும் சொல்லால் இன்றும் வழங்கும் அப்பதவிக்கு 2014இல் வந்த ஒருவர், தூக்கு மரத்தைக் கண்டதும் மனம் கலங்கி விலகிப்போனார். 2019இல் சிறைச்சாலைத் திணைக்களம் இருவரைத் தேடி விளம்பரம் செய்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். ஆனால் தடை வேறிடத்திலிருந்து வந்தது. பலர் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்தனர்; ஜூலை 5ஆம் நாள் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. தடை நீடித்தது, ஆட்சியும் மாறியது. 2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் நாள், தூக்குக் கட்டளையில் கையொப்பமிட ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க விரும்பவில்லை என்று சட்டமா அதிபர் அதே நீதிமன்றத்திற்கு அறிவித்தார். ஒருவர் எழுதினார், இன்னொருவர் எழுத மறுத்தார். இடையே சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

அந்நால்வர் யாவர் என்று தெரியாவிடினும், போதைப்பொருள் வழக்கில் கூண்டேறுவோர் யாவர் என்பது இக்கடலை அறிந்தோர்க்குத் தெரியும். 2011ஆம் ஆண்டு நவம்பரில் பாக்குநீரிணையில் இராமேசுவரம் பகுதி மீனவர் ஐவர் ஹெரோயின் கடத்தியதாகக் கைது செய்யப்பட்டனர். 2014ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் கொழும்பு மேல் நீதிமன்றம் அவர்களுக்கும் இலங்கையர் மூவருக்கும் மரண தண்டனை விதித்தது. தாம் குற்றமற்றவர் என்பதே இந்திய மீனவரின் நிலை. இராமேசுவரத்தில் பெருங் கிளர்ச்சி எழுந்தது, புதுடில்லி தலையிட்டது, நவம்பர் மாதத்திலேயே ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச அவ்வைவரையும் விடுவித்தார். அவர்களோடு ஒரே நாளில் தண்டனை பெற்ற இலங்கையர் மூவருக்காகப் பேச அயல்நாட்டு அரசு ஒன்றும் இருக்கவில்லை. ஒரே தீர்ப்பு, ஆனால் கருணைக் கதவைத் தட்டும் கைகளின் வலிமை வேறு.

உயிரெடுக்கும் கையொப்பத்திற்கு உரிய அதே பேனாவே மன்னிக்கவும் செய்கின்றது. 2000ஆம் ஆண்டில் மிருசுவிலில் குழந்தைகள் உட்படத் தமிழ்ப் பொதுமக்கள் எண்மரைக் கொன்றதற்காக மரண தண்டனை பெற்ற இராணுவத்தினர் ஒருவரின் தண்டனையை உயர் நீதிமன்றமும் உறுதி செய்திருந்தது. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச அவரை மன்னித்து விடுவித்தார். மறு ஆண்டு ஜூன் மாதத்தில், கொலைக் குற்றவாளியான முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வாவுக்கும் மன்னிப்புக் கிடைத்தது. அதற்கு முன், 2019ஆம் ஆண்டின் நவம்பரில், நால்வரைத் தூக்கிலிட முனைந்த அதே சிறிசேன, பதவி நீங்கும் வேளையில், கொழும்பில் இளம்பெண் ஒருத்தியைக் கொன்ற குற்றத்திற்காக மரண தண்டனை பெற்றிருந்த ஒருவரை மன்னித்திருந்தார். பிந்திய இரு மன்னிப்புகளையும் உயர் நீதிமன்றம் 2024ஆம் ஆண்டில் வலிதற்றனவாக்கியது. ஜனாதிபதியின் கருணை எல்லையற்றதன்று, அரசியலமைப்பு வகுத்த நடைமுறைக்கும் நியாயத்திற்கும் அது கட்டுப்பட்டது என்பதே அத்தீர்ப்புகளின் சாரம்.

பிற நாடுகளும் இதே வினாவோடு போராடியுள்ளன. பிரித்தானியப் பாராளுமன்றம் ஐந்தாண்டுச் சோதனைக்குப் பின் 1969இல் வாக்கெடுத்துக் கொலைக்கான தூக்கை நிரந்தரமாக நீக்கியது. இந்தியாவில் அரிதினும் அரிதான வழக்கிலன்றி மரண தண்டனை விதிக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 1980இல் வரையறுத்தது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் மூவரின் கருணை மனுக்கள் நெடுங்காலம் முடிவின்றிக் கிடந்தமையைக் காரணமாகக் கொண்டு 2014இல் அவர்தம் தூக்கை ஆயுட்சிறையாக மாற்றியது. சிங்கப்பூரில் 2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், நாற்பத்திரண்டு கிராமுக்குச் சற்று மேற்பட்ட ஹெரோயினைக் கொண்டுவந்த மலேசியத் தமிழ் இளைஞர் தூக்கிலிடப்பட்டார். அவர் பொதியைச் சுமந்தவரேயன்றி அதன் முதலாளி அல்லர். மறு ஆண்டில் மலேசியா, நீதிபதிக்கு வேறு வழியில்லாத கட்டாய மரண தண்டனையைத் தன் சட்டத்திலிருந்து நீக்கியது.

இவற்றால் பெறப்படும் உண்மை ஒன்றுண்டு. தூக்கு வேண்டும் என்போரும் வேண்டாம் என்போரும் ஒரு கருத்தில் உடன்பட இயலும்: மனித உயிர், ஓர் ஆட்சியாளரின் மனநிலைக்கோ தேர்தற் காலத்தின் ஆரவாரத்திற்கோ உட்பட்டதாக இருத்தல் ஆகாது. தண்டனை வேண்டுமெனின், இன்ன குற்றத்திற்கு, இன்ன சான்றின் மேல், இன்ன பாதுகாப்போடு என்று மக்கள் பிரதிநிதிகள் வெளிப்படையாக வாதித்து, பெயர் பதிய வாக்களித்து, அப்பொறுப்பைத் தாமே ஏற்கட்டும். வேண்டாமெனின் அதனையும் அவ்வாறே சட்டத்தில் எழுதட்டும். 1958இல் இந்நாடு அவ்வழியைத் தொடங்கியது. 1959இல் பாதியில் விட்டது. ஏறத்தாழ அரை நூற்றாண்டாக எவரையும் தூக்கிலிடாத நாடு, தூக்கிலிடும் அதிகாரத்தை மட்டும் மேசை இழுப்பறையில் பூட்டி வைத்திருக்கின்றது. அதன் திறப்பு யார் கையிலேனும் அகப்படக்கூடும்.

கற்பிட்டிக் கரையில் படகு இழுக்கும் தொழிலாளி சட்டப் புத்தகம் படித்தவனல்லன். சம்மாட்டி ஏற்றச் சொன்ன பொதியில் என்ன இருந்தது என்பதை அவன் அறிந்தானா என்று தீர்க்கவேண்டியது நீதிமன்றம். அத்தீர்ப்புத் தவறிவிடின் அதைத் திருத்த ஒரு நாள் மிஞ்சியிருத்தல் வேண்டும். தூக்குத் தண்டனை அந்நாளையே எடுத்துவிடுகின்றது. அதை எடுக்கும் உரிமை யாருக்கு என்பதை நாடு அமைதியான காலத்திலேயே தீர்மானித்துக் கொள்ளல் நன்று.